வாவிக்கரைப் பாட்டு யாருடைய சொத்து?

மட்டக்களப்பு வாவியின் பாடுமீன்களைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் குறைவு. 1848ஆம் ஆண்டில் இரவு நேரத்தில் தோணியேறிச் சென்று அவ்வொலியைக் கேட்ட எமர்சன் டெனன்ற், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவும்போது எழும் நாதத்தோடு அதனை ஒப்பிட்டு எழுதினார். பின்னர், 1950களில், மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி ஒருவர் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவு செய்தார். இன்றைய சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒலிப்பதிவு செய்தவருக்கு உரிமை உண்டு. இலங்கைச் சட்டப்படி அது 50 ஆண்டுகள். பாடிய மீனுக்கு எதுவும் இல்லை.

மீன்கள் நீதிமன்றம் ஏறப் போவதில்லை. ஆகையால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்த மனிதர்களின் நிலையும் ஏறத்தாழ அந்த மீன்களின் நிலைதான் என்று நான் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பதிவு செய்தவருக்கே பாட்டுச் சொந்தம் என்ற நிலைமை அங்கும் வந்துவிட்டது.

பாடல் உரிமை என்றதும் தமிழ் வாசகர் பலருக்கும் நினைவுக்கு வருவது இளையராஜாவின் வழக்குகள். 2017 மார்ச்சில், அமெரிக்காவில் இசைச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு, தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று வழக்கறிஞர் கடிதம் போனது. உலகெங்கும் தமிழர் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 2025 செப்டெம்பரில் ‘குட் பேட் அக்லி’ திரைப்படத்தில் அவருடைய பாடல்கள் பயன்படுத்தப்பட்டதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபோதும் அதே பட்டிமன்றம் நடந்தது. ‘பணத்தாசை’ என்றார் சிலர். ‘உழைத்தவனுக்குக் கூலி’ என்றார் சிலர். நான் இரண்டாம் கட்சிக்காரன். ஆனால் என் அக்கறை அந்தச் சண்டையில் இல்லை. அது பெயர் தெரிந்த ஒரு மாபெரும் படைப்பாளிக்கும் பெயர் தெரிந்த நிறுவனங்களுக்கும் நடக்கும் வழக்கு. இரு தரப்புக்கும் வழக்கறிஞர் உண்டு, ஒப்பந்தக் காகிதம் உண்டு, பத்திரிகையில் இடமும் உண்டு. ஒன்றுமே இல்லாதவர்களைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தின் ஓர் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் சொல்லும் ஓர் உரிமை; அதனை ஒருவர் பாடி ஒலிப்பதிவாக்கினால் அந்தப் பதிவு இன்னோர் உரிமை. பழைய பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடி வெளியிடும்போது, பதிவு அவருடையது. மெட்டும் சொல்லும் முதலில் ஆக்கியவருடையவை. ஆகவே அவர் ஆக்கியவரிடம் கேட்க வேண்டும், பணமும் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்குக் கறாரான விதிகளை வைத்தது. முதற்பதிவு வெளிவந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கடந்த பின்னரே மறுபாடல் வெளியிடலாம். ஆண்டொன்றுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத் தொகையைக் கட்ட வேண்டும். மூலப் பாடகரே பாடியதுபோல மயங்கவைக்கும் அட்டையும் கூடாது. நல்ல விதிகள்தாம். ஆனால் இவை அனைத்தும் ‘ஆக்கியவர்’ என்று ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை.

படுவான்கரையில் நெல் தூற்றும்போது பாடிய பொலிப்பாட்டை ஆக்கியவர் யார்? வசந்தன் ஆட்டத்தில் கோலடித்துக்கொண்டு பாடும் பாட்டை ஆக்கியவர் யார்? கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் ஒருவரையொருவர் வைது பாடியவற்றுக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது? வயலில் நின்றபடி கவி பாடிய முஸ்லிம் பெண்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்தார், பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதினார். அவர்கள் இல்லாவிட்டால் பலவும் அழிந்திருக்கும். எனினும் ஏட்டில் ஏறியது பாட்டே. பாடியவர்களில் பெரும்பாலோர் ஏறவில்லை.

மெட்டுக்கும் சொல்லுக்கும் உரிமையாளர் இல்லாதபோது, சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது உரிமை ஒன்றே. யார் முதலில் நல்ல கருவியோடு பதிவு செய்து, யார் முதலில் இணையத்தில் ஏற்றினாரோ அவர் முதலாளி. இது கற்பனை அச்சம் அன்று. சில காலத்துக்கு முன் படுவான்கரைக் கிராமமொன்றின் இளைஞர் ஒருவர் தம் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். கோயில் முன்றலில் அவர்களுடைய ஊர்ப் பிள்ளைகள் ஆடிய வசந்தனைக் காணொளித் தளமொன்றில் ஏற்றியிருக்கிறார். வெளிநாடொன்றில் வெளியான ஓர் இசைத்தொகுப்பில் உள்ள பாட்டோடு இது பொருந்துவதாகவும், இதிலிருந்து வரும் வருமானம் அந்த உரிமையாளருக்குப் போகும் என்றும் இயந்திரம் எழுதிய அறிவித்தல் வந்திருந்தது. வருமானம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த குழப்பம்தான் என்னை உறுத்தியது. தம் பாட்டனாரின் பாட்டைத் தாம் திருடியதாகத் தம்மிடமே சொல்கிறார்களே என்று அவர் கேட்டபோது, நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் குப்பை கொட்டிய எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

பதிலுக்காகத் தேடியபோது ஜமைக்காவில் போய் நின்றேன். ரெகே இசையின் தாயகம் அது. ஜமைக்காவுக்கும் இலங்கைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டும் பிரித்தானியக் குடியேற்ற நாடுகள், இரண்டிலும் 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டமே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. இலங்கை 1979இல் தனக்கென ஒரு புலமைச்சொத்துச் சட்டக்கோவையை இயற்றியது. ஜமைக்காவோ 1993 வரை காத்திருந்தது. அதாவது ரெகே பிறந்து, வளர்ந்து, உலகெங்கும் பரவிய காலம் முழுவதும் அந்த நாட்டில் காலத்துக்கேற்ற பதிப்புரிமைச் சட்டம் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சொந்தக்காரர் கொஞ்சப் பணம் கொடுத்துப் பாடவைப்பார். தட்டில் பெரும்பாலும் அவர் பெயரே நிலைக்கும். ஒரே தாளக்கட்டின் மேல் பத்துப் பேர் பத்துப் பாட்டுப் பாடுவார்கள். ‘ரிடிம்’ என்று அதற்குப் பெயர். அது அவர்களின் வழக்கம்; அதில் அவர்கள் குறை காணவில்லை. வெளியார் வந்து பணம் பண்ணத் தொடங்கியபோதுதான் சண்டை பிறந்தது.

‘ரிவர்ஸ் ஒஃப் பபிலோன்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் இறுதியில் இலங்கையில் வானொலி வைத்திருந்த எந்த வீட்டாரும் அதனைக் கேட்டிருப்பார்கள். போனி எம் குழுவின் பாட்டென்றே பலரும் இன்றும் நினைக்கிறார்கள். அது 1970இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு பாடியது. பிரென்ற் டோவும் ட்ரெவர் மக்நோட்டனும் ஆக்கியது. சொற்கள் விவிலியத்தின் சங்கீதங்களிலிருந்து வந்தவை. அவற்றுக்கு எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. 1978இல் ஜெர்மனியிலிருந்து போனி எம் அதனைப் பாடி, பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பிடித்தபோது, ஆக்கியோர் வரிசையில் ஜமைக்காக்காரர் இருவரோடு ஜெர்மனியத் தயாரிப்பாளர் பிராங்க் ஃபாரியனின் பெயரும் ஏறி நின்றது. நாடிழந்து அந்நிய ஆற்றங்கரையில் அழுத மக்களின் துயரப் பாட்டு, நடன மண்டபங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரிழந்த நம்மவருக்கு அந்தப் பாட்டின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது காற்றுத் திசை மாறியிருக்கிறது. ஸ்டீலி – கிளீவி என்ற இரட்டையர் 1989இல் ஆக்கிய ‘ஃபிஷ் மார்க்கெற்’ என்னும் தாளக்கட்டுத்தான் லத்தீன் அமெரிக்க ‘ரெகேற்றோன்’ இசையின் அடித்தளம் என்று கூறி, 2021இல் அமெரிக்காவில் வழக்குப் போடப்பட்டது. பிரதிவாதிகள் நூற்றுக்கும் மேல். 2024 மே மாதம், அவ்வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட நீதிபதி மறுத்தார். என் அனுதாபம் இங்கே இரண்டாகப் பிளக்கிறது. பெயரழிந்த ஜமைக்கக் கலைஞருக்குப் பங்கு வேண்டும் என்பேன். ஆனால் பத்துப் பேர் பாடக் கொடுத்த தாளம் ஒருவரின் வேலியடைத்த காணி ஆகிவிட்டால், ரிடிம் வழக்கமே நாளை குற்றமாகாதா?

தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டாவின் கதை இன்னும் கசப்பு. 1939இல் ஜொகன்னஸ்பேர்க்கில் அவர் பாடிய ‘ம்பூபே’, பின்னர் அமெரிக்காவில் சிங்கம் உறங்கும் பாட்டாக மாறிக் கோடிக்கணக்கில் ஈட்டியது. அவர் அதனைப் பத்துச் சிலிங்குக்கு விற்றார். 1962இல் வறுமையில் இறந்தார். அவருடைய பிள்ளைகளுக்குக் கை கொடுத்தது எது தெரியுமா? நான் மேலே குறைசொன்ன அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம்! ஆக்கியவர் இறந்து 25 ஆண்டுகளின் பின் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2004இல் வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் இணக்கம் ஏற்பட்டது. ஆனால் லிண்டாவுக்குப் பெயர் இருந்தது, ஒலித்தட்டு இருந்தது. வாவிக்கரைக்கு அவை இல்லை.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். ஈழத்துப் பொப்பிசையில் ‘சின்ன மாமியே’ பாடலை ஆக்கிப் பாடியவர் நித்தி கனகரத்தினம். தமிழ்நாட்டில் பத்துப் பேரைக் கேளுங்கள். அதில் எத்தனை பேர் சிலோன் மனோகரின் பாட்டு என்பார்கள் என்று பாருங்கள். 2018இல் மறைந்த ஏ. ஈ. மனோகரன் பெரிய கலைஞர். மேடையில் அவரைப் போல் சபையைக் கட்டியாண்டவர் சிலரே. அவர்மீது குறை சொல்வதற்கில்லை. பாடியவரின் குரல் ஆக்கியவரின் பெயரை விழுங்கிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அவர் பரப்பிய ‘சுராங்கனி’ 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்துக்குள் போயிற்று. படத்துக்கு இசை இளையராஜா. படத்தின் பெயரைப் பார்த்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

அந்தச் ‘சுராங்கனி’யின் துள்ளல் எங்கிருந்து வந்தது? பைலா. பைலாவின் வேர் கஃப்ரிஞ்ஞா. அந்தக் கஃப்ரிஞ்ஞாவைப் போர்த்துக்கீசக் கிரியோல் மொழியோடு சேர்த்துக் காப்பாற்றி வந்தவர்களுள் முக்கியமானவர்கள் மட்டக்களப்புப் பறங்கியர். 1628இல் போர்த்துக்கீசர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பறித்தார்கள். ஆட்சி போயும் பாட்டுப் போகவில்லை. தச்சும் கொல்லும் தையலும் செய்து வாழ்ந்த அந்தச் சிறு சமூகம், கல்யாண வீடுகளில் வயலினோடு அதனைப் பாடி ஆடி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூ நெவில் என்ற ஆங்கில அதிகாரி சேர்த்த ஏடுகளிடையே அவர்களின் பாட்டுகளும் உண்டு. அது இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில். அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் அவர்களின் பாட்டை ஆராய்ந்து 1990இல் நூல் எழுதினார். அண்மைய ஆண்டுகளில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹூகோ கார்டோசோவும் குழுவினரும் விரிவாகப் பதிவு செய்தார்கள். இவர்கள் யாரும் கொள்ளைக்காரர் அல்லர். நம் பல்கலைக்கழகங்கள் செய்யாததைச் செய்தவர்கள். பாடியவரின் பெயரை எழுதி வைக்கும் பழக்கமும் ஆய்வாளரிடம்தான் இருக்கிறது, இசை வணிகரிடம் இல்லை.

ஆனால் 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையே இருந்த டச்பார் குடியிருப்பைக் கடல் வாரிக்கொண்டு போனது. இறந்தவர்களில் பறங்கியக் குடும்பங்கள் பல. பாட்டுத் தெரிந்த முதியவர்களும் குழந்தைகளும் ஒரே காலையில் போனார்கள். மிஞ்சியவர்களிற் பலர் வெளிநாடு சென்றார்கள். பாடும் வாய் குறையக் குறைய, பதிவின் பெறுமதி ஏறும். பதிவு யாரிடமோ அவரே நாளை அந்தப் பாட்டின் வாரிசு. கொழும்பிலோ கோவாவிலோ ஒரு திரைப்பட இசையமைப்பாளர் அதிலொரு மெட்டை எடுத்துத் தம் பெயரைப் போட்டுக்கொண்டால், டச்பாரில் எஞ்சிய ஒரு பறங்கியர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தில் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கென்றே எழுதப்பட்டது. வணிக நோக்கத்துக்காகவோ, மரபான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பயன்படுத்த அனுமதி பெற வேண்டும். வாசிக்க இனிக்கிறது. அனுமதி கொடுப்பவர் யார்? அமைச்சர் தீர்மானிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரி. வசூலாகும் பணம் எதற்கு? பண்பாட்டு வளர்ச்சிக்கு. அந்தப் பணத்தில் பாடிய ஊருக்குப் பங்கு என்ற பேச்சே அங்கே இல்லை! ஆக்கியவர் இல்லாத பாட்டுக்கு அரசே உரிமையாளர் என்று ஆகிறது. கண்ணகி அம்மன் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாட்டைத் திரைப்படத்தில் பயன்படுத்தலாமா என்று கொழும்பில் மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒருவர் முடிவு செய்வார். எந்த அமைச்சின் கையில் எந்த இனத்தின் பாட்டு என்ற கேள்வியை இலங்கையில் நான் விரித்து எழுதவும் வேண்டுமா?

இந்த இடத்தில் வாவிக்கரையின் சொந்த வழக்கத்தையே பார்க்கச் சொல்வேன். ஓர் ஊரார் வேறு ஊர்க் கூத்தை ஆட விரும்பினால் என்ன செய்தார்கள்? அந்தக் கூத்தறிந்த அண்ணாவியாரிடம் வெற்றிலை பாக்கோடு போனார்கள். அவர் வந்து மாதக்கணக்கில் பழக்கினார். அரங்கேற்றத்தில் அவருக்குச் சால்வையும் சன்மானமும் கிடைத்தன. கூத்து இன்னாரிடமிருந்து வந்தது என்று சபை அறிந்தது. ‘ஆடாதே’ என்று யாரும் தடுக்கவில்லை. ‘இது இனி என்னுடையது’ என்று கொண்டுபோனவரும் சொல்லவில்லை. கேட்பது, பெயர் சொல்வது, கைம்மாறு கொடுப்பது. இவை மூன்றும் அங்கே சட்டம் வருமுன்பே இருந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனபோது, வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை அழைத்து வந்தே மாணவரைப் பழக்கினார். கூத்தின் நேரத்தைச் சுருக்கினார், ஒளியமைப்பை மாற்றினார். தூய்மைவாதிகள் முணுமுணுத்தார்கள். ஆனால் அண்ணாவியார் மறைக்கப்படவில்லை. அவர் பெயரை இன்று நான் இங்கே எழுத முடிகிறது என்பதே அதற்குச் சான்று.

பழைய பாட்டைப் புதுக் கருவிகளோடு பாடுவதை எதிர்ப்பவன் அல்லன் நான். பாடாத பாட்டுச் செத்த பாட்டு. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை ஒன்று வசந்தன் மெட்டுக்கு ரெகே தாளம் வைத்துப் பாடினால் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய ஒரு பாட்டியின் வாழ்க்கை அதில் ஒலித்ததைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாட்டியின் பேரன் அறிவின் படம் பிரபல இசைச் சஞ்சிகை ஒன்றின் அட்டையில் இல்லாமற் போனதும், 2022இல் செஸ் ஒலிம்பியாட் மேடையில் அவரில்லாமலே பாட்டு ஒலித்ததும், எழுதியது யார் ஆக்கியது யார் என்று பகிரங்கமாக அறிக்கைகள் பறந்ததும் நாம் அறிந்தவை. புகழ்பெற்றவர்கள் சேர்ந்த இடத்திலேயே பெயர் இப்படி வழுக்குகிறது என்றால், படுவான்கரைக் கிழவியின் பெயர் எம்மாத்திரம்?

அமைச்சரின் அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் வாவிக்கரையிலேயே இருக்கிறது. ‘யாழ்நூல்’ எழுதியவரின் பெயரைத் தாங்கிய நிறுவனம் அது. ஊர் ஊராக, பாட்டுப் பாட்டாக, பாடியவர், கற்றுக்கொடுத்தவர், பாடிய சந்தர்ப்பம், பதிந்த நாள் ஆகிய விவரங்களோடு ஒரு பதிவேட்டை அங்கே தொடங்கலாம். தேதியிட்ட பதிவொன்று இருந்தால், அந்த இளைஞருக்கு வந்தது போன்ற அறிவித்தல் வரும்போது நீட்டிக் காட்டக் கையில் ஏதாவது இருக்கும். இலண்டனிலும் லிஸ்பனிலும் உள்ள பறங்கியர் பாட்டுகளின் பிரதிகளும் அங்கே வந்து சேர வேண்டும். அந்தச் சமூகத்தவரே அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். சடங்குப் பாடல்களைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர் கோயிலுக்குரிய ஊரார், வேறெவரும் அல்லர்.

கடல் கடந்த நம் இசையமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இசைத்தொகுப்புகளில் ‘நாட்டார் பாடல்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். அந்த நாட்டாருக்கு ஊர் உண்டு. வந்தாறுமூலையா, கன்னங்குடாவா, காரைதீவா, டச்பாரா? யாரிடம் கேட்டீர்கள்? எந்த ஒலிநாடாவிலிருந்து எடுத்தீர்கள்? அதை ஒரு வரியில் எழுதுங்கள். உங்கள் பதிவைக் காணொளித் தளங்களில் பதிவு செய்யும்போது, மெட்டுக்கு உரிமை கோரும் கட்டத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அந்த இளைஞரின் காணொளிக்கு எதிரான உரிமைக்கோரல் இதை எழுதும் இன்றுவரை நீக்கப்படவில்லை.